சம்பளச் சிட்டை இல்லாதவளுக்கும் வீட்டுக் கடன் உண்டு

ஒரு மட்டைக் கொப்பியால் வீடு கட்ட முடியுமா என்று யாராவது கேட்டிருந்தால் முன்பு நானும் சிரித்திருப்பேன். ஆனால் இன்று நானும் மகளும் நிம்மதியாகப் படுத்துறங்கும் வீட்டுக்கு முதற் கல்லாக இருந்தது அந்தக் கொப்பிதான். என்னைப் போலப் புதிதாகச் சுயதொழில் தொடங்கி, தலைக்கு மேல் ஒரு கூரைக்காகத் தவிக்கும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

எனது ஊர் தென்மராட்சியில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில், அம்மா சீதனமாகத் தந்த வீடு தரைமட்டமானது. நாங்கள் வன்னிக்குப் போனோம். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் கணவரைத் தவற விட்டேன். அவரைப் பற்றி இன்று வரை ஒரு தகவலும் இல்லை. 2010இல் இரண்டு வயது மகளுடன் ஊர் திரும்பியபோது எஞ்சியிருந்தது இரண்டு பரப்புக் காணியும் அதற்கான உறுதியும் மட்டும்தான். வீட்டுத்திட்டப் பட்டியல்களில் எனக்கு முறை வரவில்லை. தகரக் கொட்டிலிலேயே காலம் போனது.

சாவகச்சேரியில் ஒரு தையற்கடையில் மாதம் 15,000 ரூபாவுக்கு வேலை செய்தேன். 2016 தை மாதம், சீட்டுக் காசில் ஒரு பழைய கால்மெசின் வாங்கிச் சொந்தமாகத் தைக்கத் தொடங்கினேன். பாடசாலைச் சீருடை, சட்டை, தலையணை உறை என்று வேலை வந்தது. மாதம் 25,000 ரூபா உழைக்கிறேன் என்று மனதுக்குள் பெருமையாக இருந்தது. அந்தத் துணிவில் ஐப்பசி மாதம் உறுதியையும் எடுத்துக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனேன். 8 இலட்சம் ரூபா வீட்டுக் கடன் கேட்டேன்.

"அக்கா, சம்பளச் சிட்டை இருக்கோ?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"நான் சொந்தமாத் தைக்கிறன் தம்பி."

"எவ்வளவு காலமா?"

"ஒன்பது மாசம்."

அவர் பேனையைக் கீழே வைத்து விட்டார். "குறைஞ்சது ரெண்டு வருசக் கணக்காவது வேணும் அக்கா. உங்கட வருமானத்துக்கு எழுத்தில என்ன இருக்கு?"

என்னிடம் எழுத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. 15,000 ரூபா சம்பளம் எடுத்தபோது வங்கி என்னை ஓர் ஆளாக மதித்திருக்கும். அதை விடக் கூட உழைக்கும்போது நான் கணக்கில் இல்லாதவளாகிப் போனேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது.

கொப்பி சொன்ன உண்மை

எங்கள் பிரதேச செயலகத்தில் இருந்த பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடையில வேலை செய்யிறவைக்கு மாசம் முடிய ஒரே சம்பளம் வரும். உங்களுக்குத் தை மாசம் கை நிறையும், பங்குனியில வெறுமையாப் போகும். வெறுமையான மாசத்திலயும் தவணை கட்டுவீங்களோ எண்டதைத்தான் வங்கி பாக்குது. அதை நீங்கதான் எழுதிக் காட்ட வேணும்."

அன்று மாலையே ஒரு மட்டைக் கொப்பி வாங்கினேன். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. துணி, நூல், ஊசி, மின்சாரம், பஸ் காசு எல்லாம் எழுதினேன். கார்பன் தாள் வைத்த சிட்டைப் புத்தகம் ஒன்றும் வாங்கி, ஒரு சட்டை தைத்தாலும் சிட்டை கொடுத்தேன். கிடைத்த காசைப் பெட்டகத்தில் வைக்காமல், வெள்ளிக்கிழமை தோறும் சேமிப்புக் கணக்கில் போட்டேன். துணி வாங்கவும் அந்தக் கணக்கிலிருந்தே எடுத்தேன். கிராம அலுவலரிடம் கடிதம் பெற்று, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரையும் பதிவு செய்தேன்.

ஒரு வருடம் முடிந்ததும் கூட்டிப் பார்த்தேன். மனம் திடுக்கிட்டது. 25,000 என்று நான் நினைத்தது கைக்கு வந்த காசு. செலவு போக உண்மையில் எனக்கு மிஞ்சியது சராசரியாக 19,000தான். பங்குனி மாதத்தில் 9,000 மட்டுமே. நான் கேட்ட 8 இலட்சத்துக்கு, 10 வருடத்தில் குறைந்து செல்லும் மீதிக்கு நூற்றுக்கு 14 வீத வட்டி என்று வைத்தால், மாதத் தவணை 12,400 ரூபாவைத் தாண்டும். அன்று வங்கி கடன் தந்திருந்தால் முதற் பங்குனியிலேயே தவறியிருப்பேன். ஈடு வைத்த காணி கடைசியில் ஏலத்துக்கும் போகலாம். அம்மாவின் காணியை நானே தொலைத்திருப்பேன். வங்கிக்குக் காட்ட எழுதிய கொப்பி முதலில் எனக்குத்தான் உண்மையைச் சொன்னது.

வாசலுக்கு வந்த காசு

காத்திருந்த காலத்தில் நுண்கடன்காரர் வாசலுக்கே வந்தார்கள். "நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கோ, ரெண்டு நாளில காசு" என்றார்கள். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு சகோதரி ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்து, கடைசியில் தாலிக்கொடியையும் விற்றதைக் கண்டிருந்ததால் நான் தப்பினேன்.

வட்டியைக் கேட்கும்போது எந்த முறையில் கணக்கிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். 5 இலட்சத்தை 14 வீதத்துக்கு 10 வருடம் எடுக்கிறீர்கள் என்று வைப்போம். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி என்றால் தவணை சுமார் 7,760 ரூபா. தொடக்கத் தொகைக்கே கடைசி வரை வட்டி என்றால் 10,000 ரூபா. இரண்டுக்கும் வாயால் சொல்வது '14 வீதம்' என்றுதான்.

இன்னொன்று. 'கிறிப்' என்று எல்லோரும் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகம் 1990 முதல் நாட்டில் இயங்குகிறது. நாம் எடுத்த கடன் மட்டுமல்ல, பிறருக்குப் பிணை நின்ற கடனும் வங்கி அங்கே எடுக்கும் அறிக்கையில் தெரியும். முகத் தாட்சணியத்துக்காகக் கையெழுத்து வைக்காதீர்கள்.

அவருடைய கையொப்பம்

2018இல் இரண்டு வருடக் கணக்குடன் மீண்டும் வங்கிக்குப் போனேன். இம்முறை 5 இலட்சம் மட்டும் கேட்டேன். கொப்பியைப் புரட்டிப் பார்த்த முகாமையாளர் தலையாட்டினார். பிறகு உறுதியை வாசித்தார். "இது தேசவழமைக்கு உட்பட்ட காணி. ஈடு வைக்கக் கணவரின்ர எழுத்துச் சம்மதம் வேணும்."

அவர் எங்கே என்று தெரிந்தால் நான் ஏன் தனியே அந்தக் கதிரையில் இருக்கிறேன்? "மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல் சுகம்" என்று சிலர் சொன்னார்கள். என் கையால் அதை எழுதிக் கேட்க மனம் இடம் தரவில்லை.

சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். கட்டணம் இல்லாமல் ஒரு சட்டத்தரணி விளங்கப்படுத்தினார். கணவரின் சம்மதம் வேண்டும் என்று சொல்லும் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே, கணவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால் அந்தச் சம்மதம் இல்லாமலே காரியம் செய்ய மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம் என்றும் சொல்கிறதாம். 2016 சட்டத் திருத்தத்தால், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற் போனமைக்கான சான்றிதழ் பெறும் வழியும் வந்திருந்தது. அந்தச் சான்றிதழையும், கிராம அலுவலரின் கடிதத்தையும், நான் செய்த முறைப்பாடுகளின் பிரதிகளையும் வைத்து மனுப் போட்டோம். மாதங்கள் சென்றன, ஆனால் அனுமதி கிடைத்தது. அவர் இறந்து விட்டார் என்று நான் எந்த இடத்திலும் கையெழுத்து வைக்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

எல்லாக் காணிக்கும் ஒரே சட்டம் இல்லை. அரச அனுமதிப்பத்திரக் காணியென்றால் அதன் விதிகள் வேறு. உங்கள் காணி எந்த வகை என்று வங்கிக்குப் போகும் முன்பே சட்ட உதவி அலுவலகத்தில் கேட்டு அறிந்து கொள்ளுங்கள்.

வீடு வந்தது

2019 ஆவணியில் கடன் கிடைத்தது. முழுக் காசையும் ஒரே தடவையில் தரவில்லை. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை முடிய முடியத் தந்தார்கள். நில அளவை வரைபடம், காணி மதிப்பீடு, நொத்தாரிசு, பிரதேச சபை அனுமதி ஆகியவற்றுக்குக் கைக்காசு வேண்டும். அதைச் சேமித்திராவிட்டால் நடுவில் நின்றிருப்பேன்.

வட்டி மாறுமா என்று கேட்டு, முதல் 5 வருடம் மாறாத வட்டியில் எடுத்தேன். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோதுதான் அதன் அருமை தெரிந்தது. மாறும் வட்டியில் எடுத்த என் சிநேகிதிக்குத் தவணை ஏறியது. எனக்கு ஏறவில்லை. ஆனாலும் துணி விலை கூடியது, வேலை குறைந்தது. 13 மணித்தியால மின்வெட்டு நாட்களில் கால்மெசின்தான் கை கொடுத்தது. மூன்று தவணைக்கான காசைத் தனியே வைத்திருந்தேன். அது முடியப் போகிறது என்று தெரிந்ததும், தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய்ச் சொன்னேன். முன்கூட்டிச் சொன்னபடியால் அவகாசம் தந்தார்கள்.

காணி உறுதி இப்போது வங்கியில் இருக்கிறது. 2029இல் கடைசித் தவணை கட்டியதும் அது என் கைக்கு வரும். அதை மகளின் கையில் கொடுக்க வேண்டும் என்பதே என் ஆசை.

சகோதரிகளே, வீட்டுக் கடன் நாளைக்கே கேட்க வேண்டாம். தொழிலைக் கொஞ்சக் காலம் நிலைக்க விடுங்கள். ஆனால் கணக்கை நாளைக்கென்று தள்ள வேண்டாம். இன்றே ஒரு கொப்பி வாங்கி, முதற் பக்கத்தில் இன்றைய திகதியையும் இன்றைய வரவையும் எழுதுங்கள். அது ஐம்பது ரூபாவாக இருந்தாலும் எழுதுங்கள்.