உங்களுக்குத் தெரியுமா? உலோகச் சுவரில் ஓடும் ஒலி

1980 மார்ச் 27. வட கடலில் நார்வேயின் 'அலெக்சாண்டர் எல். கீலாண்ட்' மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். வெறும் 6 மி.மீ. வெல்டிங்கில் தொடங்கிய விரிசல்தான் காரணம்.

இத்தகைய விரிசலைத் தேடும் வழக்கமான மீயொலிக் கருவி, தொட்ட இடத்தையே சோதிக்கும். வழிநடத்தப்பட்ட அலையோ உலோகச் சுவரையே பாதையாக்கி ஓடும். குழாயில் இந்த அலையை அனுப்பும் ஒரு வளையம் மாட்டினால், இருபுறமும் பல பத்து மீட்டர் அலசிவிடலாம். மேலுறையை முழுக்கப் பிரிக்க வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், விரிசலைப் போலவே நல்ல வெல்டிங்கும் எதிரொலி தரும்! ஆனால் அது சுற்றிலும் சீராக வரும். ஒரு பக்கம் மட்டும் உள்ள விரிசல், கோணலான எதிரொலியால் மாட்டிக்கொள்ளும். மிக நுண்ணிய விரிசல் தப்பிவிடலாம்.

தகட்டில் ஓடும் இத்தகைய அலைகளை 1917இலேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் ஹோரஸ் லேம்ப். குழாய்ச் சோதனைக்கு அவை பரவலாக வந்தது 1990களில்தான்.