பரிசல் ஏறும் முன் செல்போனைப் பாருங்க!

ஆடிப்பெருக்குக்கு மேட்டூர், பரமத்தி வேலூர், மோகனூர் என்று காவிரிக்கரைக்குக் குடும்பத்தோடு போறவங்க பலர். பரிசலைப் பார்த்ததும் பிள்ளைங்க "ஒரு ரவுண்டு போலாம்பா"ன்னு கேட்பாங்க. தூண்டில் போட ஆசைப்படுவோரும் உண்டு. ஆற்றில் இறங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க.

பரிசல் ஏன் சுழலுது?

மூங்கில் சிம்புகளைக் கூடை போலப் பின்னிச் செய்வது பரிசல். அந்தக் காலத்தில் அடியில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாள், தார். பைபர் பரிசல்களும் வந்துவிட்டன. அடி தட்டையாக இருப்பதால் ஆழமில்லாத இடத்திலும் மிதக்கும். ஆனால் வட்டமாக இருப்பதால் முன், பின் கிடையாது. லேசான இழுப்பிலும் சுழலும். ஒற்றைத் துடுப்பால் அதை நேராகச் செலுத்துவது பழகிய கைக்கு மட்டுமே வரும். செல்ஃபி எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்ஞ்சா, பரிசலும் சாயும்.

மழை இல்லை, வெள்ளம் எப்படி?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சேலம், நாமக்கல்லில் வெயில் அடிக்கும்போதே காவிரியில் வெள்ளம் வரலாம். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பினால் உபரி நீர் மேட்டூருக்கு வரும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை நிரம்பினால் 16 கண் மதகு வழியாக உபரி நீர் திறக்கப்படும்.

"வினாடிக்கு 50,000 கனஅடி" என்று செய்தி வந்தால் சாதாரணமா நினைக்காதீங்க. ஒரு கனஅடி ஏறக்குறைய 28 லிட்டர். அதாவது ஒவ்வொரு வினாடியும் சுமார் 14 லட்சம் லிட்டர் தண்ணி! காலையில் நீங்க நின்ற பாறை மாலையில் மூழ்கியிருக்கும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

1. 'டிஎன்-அலர்ட்' செயலியை நிறுவி, அணை நீர்மட்டத்தையும் எச்சரிக்கையையும் பாருங்க.
2. மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கோ குளிக்கவோ தடை விதித்திருந்தால், பரிசல்காரரை வற்புறுத்தாதீங்க.
3. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீங்க. குழந்தைக்கு அதன் அளவுக்கேற்றது வேணும்.
4. அணைக்குள் வலை போட்டு மீன் பிடிக்க மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும். வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படி குற்றம்.
5. பரிசல் கவிழ்ந்தால் அதை விட்டு நீந்திப் போகாதீங்க, அதையே பிடிச்சுக்கோங்க. கரையில் இருப்பவர் தண்ணியில் குதிக்காமல் கயிறோ, சேலையோ, கழியோ வீசுங்க.

செல்போனில் பதிவு செய்ய

அவசர உதவி 112, தீயணைப்பு, மீட்பு 101, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

இந்த எண்களை இப்போதே பதிவு பண்ணிடுங்க. ஆற்றங்கரையில் சிக்னல் கிடைக்கும் நேரத்தில் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.