வீட்டுமனைகளிலுள்ள முதிய மரங்களும் அவற்றின் பராமரிப்பும்

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் முதலிய ஊர்களில், முன் புஞ்சையாயிருந்த நிலங்கள் வரவர வீட்டுமனைகளாக மாறி வருகின்றன. வரப்பிலும் கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் நின்ற வேம்பும் புளியும் பூவரசும் இப்பொழுது மதிற்சுவர்களுக்குள் அகப்பட்டு முற்றத்து மரங்களாகிவிட்டன. வெயில் மிகுந்து மழை குறைந்த விருதுநகர் ஜில்லாவில் இத்தகைய மரமொன்றின் நிழல் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு உபகாரமென்பதை விவரிக்க வேண்டுவதில்லை. ஆயினும், முதிர்ந்த மரம் கவனிப்பாரின்றி விடப்படுமாயின், ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் காற்றிலும் மழையிலும் கூரையின்மேலும் மின்கம்பியின்மேலும் மனிதர்மேலும் விழக்கூடும். ஆகவே, அச்சத்தினால் அடியோடு வெட்டிவிடுவதும், பாசத்தினால் பாராமல் விட்டுவிடுவதும் இரண்டுமே தவறாகும். எதைக் காப்பது, எதைக் குறைப்பது, எதை நீக்குவது என்று நிர்ணயிப்பதற்கு வேண்டிய விஷயங்கள் கீழே கூறப்படுகின்றன.

1. வேரைக் காத்தல்

மரத்தின் வேர் முழுவதும் ஆழத்தில் இருக்கிறதென்பது பொதுவான எண்ணம். உண்மையில், நீரையும் உணவையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களிற் பெரும்பகுதி தரையின் மேல் 2 அடிக்குள்ளேயே பரவி, கிளைகளின் எல்லைக்கு அப்பாலும் செல்லுகிறது. ஆகையால், முற்றம் முழுவதும் சிமெண்டுத் தளம் போடுதல், மரத்தடியில் ஓரடி உயரத்துக்குப் புதுமண் கொட்டி மேடாக்குதல், மலக்குழிக்கும் மதிலுக்கும் அடிமரத்தை ஒட்டித் தோண்டுதல், சருகைக் குவித்து அங்கேயே கொளுத்துதல் ஆகிய இவையெல்லாம் வேரைக் கொல்லும் காரியங்களாம்.

இவ்வாறு வேரிழந்த மரம் உடனே பட்டுப்போவதில்லை. தன்னிடமுள்ள சேமிப்பைச் செலவிட்டுச் சில வருஷங்கள் தாக்குப்பிடித்து, பிறகு உச்சிக்கிளை முதற்கொண்டு காயத் தொடங்கும். அச்சமயம் தளம் போட்டதை எவரும் நினைப்பதில்லை. மரத்துக்கு வயதாகிவிட்டதென்று வெட்டிவிடுகிறார்கள். டில்லி நகரத்தில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருந்த சிமெண்டுப் பூச்சை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது இக்காரணம் பற்றியே. அது குறைந்த அளவு. இடமுள்ள மனைகளில் அதைவிட அதிகமாகவே விடுதல் நன்று.

மரத்தைச் சுற்றியுள்ள திறந்த நிலத்தில் இலைச்சருகை 2 அல்லது 3 அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் காக்கப்படும். சருகு அடிமரத்தின் பட்டையைத் தொடலாகாது. தொட்டால் பட்டை அழுகும், கறையானும் ஏறும். கோடையில் தண்ணீர் விடும்போது அடிமரத்தில் ஊற்றாமல், கிளைகளின் எல்லைக்குக் கீழே வட்டமாகப் பாத்தி கட்டி, 15 நாட்களுக்கொரு முறை ஆழமாக நனையும்படி விடவேண்டும். தினந்தோறும் தெளிப்பதால் மேல்மண் மட்டுமே நனையும்.

2. கரிசல் மண்ணும் சுவர் வெடிப்பும்

கரிசல் மண் நனைந்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பெரிய மரம் கோடையில் ஈரத்தை இழுப்பதால் அருகிலுள்ள அஸ்திவாரத்தின் கீழ் மண் சுருங்கிச் சுவர் விரிசல் காண்பதுண்டு. இதைக் கண்டவுடன் மரத்தை வெட்டினால், இதுவரை மரம் குடித்த நீர் மண்ணிலேயே தங்கி, மண் மெள்ள மெள்ள உப்பிச் சுவரைத் தூக்கும். விரிசல் வேறுவிதமாகத் தொடரும். ஆகவே, முதலில் கோடையில் மரத்துக்கு நீர் கொடுத்தும் அளவாகக் கிளை குறைத்தும் பார்த்துவிட்டு, அனுபவமுள்ள பொறியாளரின் யோசனையைக் கேட்டபின்பே வெட்டுவதைப்பற்றித் தீர்மானித்தல் விவேகம். புதிதாக வீடு கட்டுவோர் மரத்தின் உயரத்தளவு தூரம் விட்டு அஸ்திவாரம் போடக் கூடுமாயின் இத்தொல்லை பெரும்பாலும் நேராது.

3. கிளை கழிக்கும் முறை

அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்னும் அறிஞர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்து, மரத்தின் புண் மனிதனுடைய புண்ணைப்போல ஆறுவதில்லையென்று காட்டினார். மரம் புண்பட்ட பாகத்தைச் சுற்றி உள்ளே தடுப்பு எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, வெளியே புதுக்கட்டையை வளர்க்கிறது. இத்தடுப்புக்கு ஆதாரமான இடம், கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் மோதிரம்போலச் சற்றே பருத்துள்ள பாகமாம். அதைச் சேர்த்து அடிமரத்தோடு ஒட்ட வெட்டினாலும், முழ நீளம் மொட்டையாக விட்டு வெட்டினாலும் அழுகல் உட்புகும். மோதிரத்துக்கு வெளியே ஒட்டி அறுப்பதே முறை.

கனத்த கிளையை ஒரே வெட்டாக வெட்டினால், அது சாயும்போது பட்டையை அடிமரம் வரையில் உரித்துக்கொண்டு போகும். ஆதலால், முதலில் ஓரடி தள்ளிக் கீழ்ப்புறத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அறுத்து, பின் அதற்குச் சற்று வெளியே மேற்புறத்தில் அறுத்துக் கிளையை இறக்கி, எஞ்சிய குற்றியை மோதிரத்தின் ஓரமாக மூன்றாவதாக அறுக்க வேண்டும். அரிவாளைவிட ரம்பமே மேலானது. வெட்டுவாயில் தாரும் சாணமும் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை.

முதிய மரத்தில் ஒரே வருஷத்தில் பச்சைக் கிளைகளில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கழிக்கலாகாது. தலையை மொட்டையடித்தல் மிகவும் கெடுதல். அதன்பின் தோன்றும் கிளைகள் பலவீனமாக ஒட்டி, சில வருஷங்களில் முறிந்து விழும். பட்ட கிளைகளை எப்பொழுதும் நீக்கலாம். ஆவணி, புரட்டாசியில், அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன், நீக்கிவிடுதல் உத்தமம். புளியைக் காய் பறித்த பின்பே கழிக்க வேண்டும்.

4. பொந்தும் காளானும்

பொந்துள்ள மரமெல்லாம் விழும் மரமென்று கொள்ளலாகாது. மரத்தைத் தாங்குவது வெளிச்சுற்றிலுள்ள நல்ல கட்டையே. அதன் கனம் மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதிருந்தால் மரம் பெரும்பாலும் உறுதியுடையதே. உதாரணமாக, 10 அடிச் சுற்றளவுள்ள புளியமரத்தின் ஆரம் சுமார் 19 அங்குலம்; அதில் 6 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட நல்ல கட்டை சுற்றிலும் இருக்க வேண்டும். மரச்சுத்தியலால் தட்டியும், பொந்தினுள் மெல்லிய கம்பியைச் செலுத்தியும் இதை ஒருவாறு அறியலாம். பொந்தைச் சிமெண்டால் அடைக்கும் பழைய வழக்கம் இப்பொழுது கைவிடப்பட்டது. காற்றில் மரம் அசையச் சிமெண்டு அசையாமல் உராய்ந்து, ஈரத்தையும் தேக்கி, அழுகலை வளர்க்கும்.

அடிமரத்திலோ வேரிலோ பலகைபோன்ற கெட்டியான காளான் தோன்றுமாயின் அது அபாயக் குறியாகும். 1952-ஆம் ஆண்டுக்குப்பின் தஞ்சைத் தென்னந்தோப்புகளில் வாடல் நோயை உண்டாக்கிய கானோடெர்மா இனக் காளான் பிற மரங்களின் வேரையும் அழிக்கும். காளானோடு மரம் புதிதாகச் சாய்ந்தோ, வேர்ப்புறத்து மண் மேலெழும்பியோ காணப்பட்டால் அம்மரத்தின்கீழ் எவரும் தங்கலாகாது; தாமதமின்றி நீக்கவேண்டும்.

அடிமரம் கெட்டும் மரம் பிழைப்பதுண்டு. ஹௌராவிலுள்ள தாவரத் தோட்டத்துப் பெரிய ஆலின் அடிமரம் காளானால் அழுகி 1925-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. சென்னை அடையாற்று ஆலின் அடிமரம் 1989-ஆம் ஆண்டில் காற்றில் சாய்ந்தது. இரண்டும் விழுதுகளால் உயிர்வாழ்கின்றன. ஊர் ஆலமரத்தின் இளவிழுதுகளை அறுக்காமல் மண்ணில் இறங்கவிடுதல் இக்காரணத்தால் அவசியம்.

5. வேம்பின் நுனிக்கருகல்

சமீப வருஷங்களில் தமிழ்நாட்டின் பல இடங்களில் வேப்பமரங்கள் நுனியிலிருந்து தீய்ந்தாற்போலக் கருகிக் காணப்பட்டன. போமாப்சிஸ் என்னும் பூஞ்சையும், இளந்தளிரின் சாற்றை உறிஞ்சும் தேயிலைக் கொசுவும் இதற்குக் காரணங்களாம். இதைக் கண்டு மரம் பட்டதென்று வெட்டிவிடலாகாது. கோடையின் தொடக்கத்தில் பெரும்பாலான மரங்கள் மீண்டும் தளிர்க்கின்றன. கருகிய நுனிகளைக் கழித்து அப்புறப்படுத்தி, வேருக்கு நீர் கொடுத்தலே வீட்டார் செய்யத்தக்கது.

6. தீயைக் குறித்த எச்சரிக்கை

பட்டாசுத் தொழில் நிறைந்த இப்பிரதேசத்தில் மரப் பராமரிப்பு தீப்பாதுகாப்பையும் சேர்ந்ததாகும். பனையில் தொங்கும் காய்ந்த ஓலைகளையும் கூரைமேல் குவிந்த சருகையும் தீபாவளிக்கு முன் அகற்ற வேண்டும். மரநிழல் குளிர்ச்சியாயிருக்கிறதென்று அதன்கீழ் மருந்து கலப்பதும் வெடி உலர்த்துவதும் சட்ட விரோதம், உயிருக்கும் அபாயம். உரிமம் பெற்ற கட்டடங்களுக்கு அருகிலுள்ள மரங்களில் பட்ட கிளையும் சருகும் ஒருபோதும் நிற்கவிடலாகாது. மின்கம்பியைத் தொடும் கிளைகளை மின்வாரிய ஊழியரைக்கொண்டு, மின்சாரத்தை நிறுத்தியபின்பே வெட்ட வேண்டும்.

7. கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

மனையைப் பிரிக்கும்போதே மரம் பட்டாவுக்குள் உள்ளதா, புறம்போக்கில் உள்ளதா என்று அளந்து தெளிவாக்கினால் பிற்காலத்து வழக்குகள் நேரா. புறம்போக்கு மரங்களின் அனுபவம் 2-சி பட்டாவினால் கொடுக்கப்படுவது. அதுகொண்டு மரத்தை வெட்டும் உரிமை உண்டாவதில்லை. பொது நிலத்து மரங்களை வெட்டுவதைப்பற்றி ஆராய 2021-ஆம் ஆண்டில் கலெக்டரைத் தலைவராகக் கொண்ட மாவட்டப் பசுமைக் குழுக்கள் ஏற்பட்டுள்ளன. பாதையோரத்து மரம் அபாயமென்று தோன்றினால் கிராம நிர்வாக அலுவலர் மூலமாகத் தெரிவிப்பதே முறை.

எம்மரத்துக்கும் முடிவு உண்டு. முடிவு நெருங்குகிறதென்று அறிந்தவுடன், பழைய மரம் நிற்கும்போதே, சுவருக்கும் கம்பிக்கும் எட்டாத இடத்தில் வேம்போ புங்கமோ ஒரு கன்றை நட்டு வளர்க்க வேண்டும். முதிய மரத்தை நீக்கும் நாளில் இளமரம் ஆளுயரம் தாண்டி நிற்குமாயின், அவ்வீட்டுக்கு நிழலற்ற காலம் நீண்டதாயிராது.