பிரின்டர் ஹெட் மாட்டிக்கொண்டதா? இழுக்காதீங்க!



2025 ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயம். நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் எழுதி முடித்ததும் ஒரு சண்டை ஆரம்பமானது. குழுப் பணத்தில் வாங்கி, ஜெராக்ஸ், பிரின்ட், போட்டோ என்று ஓட்டிக்கொண்டிருந்த இங்க்ஜெட் பிரின்டர் நாலு நாளாக நின்றுவிட்டது. ஹெட் ஓரத்தில் மாட்டிக்கொண்டு நகரவில்லை. டவுனில் ஒரு கடையில் கேட்டதற்கு, மெஷினைப் பார்க்காமலேயே, புது மெஷின் விலையில் பாதிக்கு மேல் சொல்லியிருக்கிறார்கள். "அன்னிக்கு மெஷின்ல உட்கார்ந்தது அவதானே, அவ சேமிப்புல பிடிச்சுக்கலாம்" என்று ஒருவர் சொல்ல, தீர்மான நோட்டையும் திறந்துவிட்டார்கள். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை.

தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் மெஷினை ஒருதரம் பார்த்துவிடலாம் என்று சொன்னோம். அன்று பார்த்ததையும் செய்ததையும் மற்ற குழுக்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

உள்ளே என்ன நடக்கிறது?

மூடியைத் திறந்தால் மை டப்பா உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெட்டி தெரியும். அதன் அடியில்தான் பிரின்ட் ஹெட் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொடி ஓட்டைகள் வழியாக மையைத் தெளிக்கும். ஒரு மோட்டாரும், தையல் மெஷின் பெல்ட் போல ஆனால் பல் வைத்த ஒரு பெல்ட்டும் இந்தப் பெட்டியை இடமும் வலமும் இழுக்கின்றன.

பெட்டி எங்கே நிற்கிறது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? பெட்டிக்குப் பின்னால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பட்டை கட்டியிருக்கும். அதில் பொடிப்பொடியாகக் கோடுகள் இருக்கும். நாம் இஞ்ச் டேப் பார்ப்பது மாதிரி, பெட்டியில் உள்ள சென்சார் அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே போகும். பட்டையில் மையோ எண்ணெயோ பட்டால் எண்ணிக்கை தப்பிவிடும். அப்போது பெட்டி ஓரத்தில் போய் 'டமார்' என்று மோதும், அல்லது நகராமலே நிற்கும். எல்லா விளக்கும் சேர்ந்து மின்னும். பலபேர் மோட்டார் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வது இந்த நேரத்தில்தான்.

வலது கோடியில் ரப்பர் மூடி ஒன்று உண்டு. வேலை இல்லாதபோது ஹெட் அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பேனாவுக்கு மூடி போடுகிற மாதிரிதான்.

அன்று செய்தது

முதலில் பிளக்கைப் பிடுங்கினோம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கை உள்ளே இருக்கும்போது பெட்டி ஓடக்கூடாது. தட்டில் இருந்த பேப்பரை எல்லாம் எடுத்துவிட்டு, செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தோம். வலது பக்கம், ஹெட்டுக்கு அடியில், தபால்தலை அளவுக்கு ஒரு பேப்பர் துண்டு மடிந்து கிடந்தது. முள்வாங்கியால் எடுத்தோம். அதில் ஸ்டேப்ளர் பின் இருந்தது!

ஒரு பக்கம் எழுதின பழைய பேப்பரை வீணாக்காமல் மறுபக்கம் பிரின்ட் எடுப்பது அந்தக் குழுவில் எல்லோருக்கும் பழக்கம். நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பின்னைக் கழற்றாமல் போட்டால் மூலை கிழிந்து உள்ளே தங்கிவிடும். அன்றைக்கு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் மாட்டியிருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் மாட்டின அன்றைக்கே இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பெட்டியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அதில் அந்தக் கோடு போட்ட பட்டை ஒரு பக்கம் கொக்கியிலிருந்து கழன்று தொங்கியது. நல்லவேளை, கிழியவில்லை. சென்சாரின் சந்து வழியாகப் பட்டையை நுழைத்து, கொக்கியில் திரும்ப மாட்டினோம். மெஷினை நிறுத்தியது பேப்பர், நாலு நாள் முடக்கிப் போட்டது நம் கைதான்.

அதனால், மின்சாரம் இல்லாதபோது ஒரு விரலால் பெட்டியை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். லேசாக நகர்ந்தால் எங்கே தட்டுகிறதோ அங்கே தேடுங்கள். வலது கோடியில் அசையாமல் நின்றால் அது பூட்டிக்கொண்டிருக்கலாம். பல மாடல்களில் ஹெட் மூடியின்மேல் உட்கார்ந்ததும் பூட்டு விழும். அங்கே பலம் காட்டினால் பல் உடையும். பேப்பர் சிக்கியிருந்தால் இரண்டு கையாலும் பிடித்து, பேப்பர் போகிற திசையிலேயே மெதுவாக எடுங்கள். பின்பக்கம் கதவு இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். கிழிந்து வந்தால் துண்டுகளைச் சேர்த்து வைத்து முழுப் பேப்பரும் வந்துவிட்டதா என்று பார்ப்பது நல்லது.

மை டப்பா சரியாக உட்காராவிட்டாலும், அதன் மூடி 'டக்' என்று விழாவிட்டாலும் பெட்டி இடிக்கும். டேங்க் வைத்த மெஷினில் மைக்குழாய் மேலே துருத்திக்கொண்டு மூடியில் மாட்டுவதும் உண்டு. புது மெஷின் என்றால் கம்பெனியில் ஒட்டி அனுப்பிய கலர் டேப் எல்லாம் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், இதையும் பார்த்திருக்கிறோம்.

பட்டை அழுக்காக இருந்தால்

பஞ்சு உதிராத மெல்லிய துணியை டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்துப் பிழிந்து, ஒரு கையால் பட்டையைத் தாங்கிக்கொண்டு மெதுவாகத் துடைக்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவார்களே, அதே தண்ணீர்தான். போர் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் கூடாது, கோடு அழிந்து போகலாம். அழிந்தால் பட்டையை மாற்ற வேண்டியதுதான்.

"கம்பியில தையல் மெஷின் எண்ணெய் விட்டா வழுக்கிட்டுப் போகாதா மேடம்?" என்று கேட்டார்கள். விடாதீர்கள். எண்ணெய் தெறித்துப் பட்டையில் படும், தூசியும் சேர்ந்து ஒட்டும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். கம்பியைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

மை காய்ந்து ஒட்டியிருந்தால்

ரொம்ப நாள் ஓட்டாமல் வைத்த மெஷினில், ஹெட் ரப்பர் மூடியோடு ஒட்டிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, மூடியின் ஓரத்தில் நாலைந்து சொட்டு விடுங்கள். வயர், செம்புப் புள்ளிகள் பக்கம் படக்கூடாது. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் ஈரம் காய்ந்ததா என்று பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

ஹெட் மாட்டுவது வேறு, அடைப்பது வேறு. பெட்டி நன்றாக ஓடுகிறது, எழுத்து மட்டும் கோடு கோடாக விழுகிறது என்றால் அது அடைப்பு. மெஷினிலேயே ஹெட் கிளீனிங் இருக்கும். ஒன்றிரண்டு முறை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மைதான் தீரும்.

இந்தத் தொல்லையில் பாதி, நாம் மெஷினை அணைக்கிற விதத்தால் வருகிறது. போர்டு சுவிட்சை நேராக அணைத்தால் ஹெட் நடுவிலேயே நின்றுவிடும், மூடி இல்லாமல் காயும். முதலில் பிரின்டரில் உள்ள பட்டன், சத்தம் அடங்கி விளக்கு அணைந்த பிறகு போர்டு சுவிட்ச். நடுவில் கரண்ட் போனால், வந்ததும் ஒருமுறை ஆன் செய்து பட்டனில் அணையுங்கள். வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒரு கலர் பக்கம் எடுங்கள்.

பெல்ட் அறுந்தாலோ, பட்டை கிழிந்தாலோ, தீய்ந்த வாடை வந்தாலோ நாம் தொட வேண்டாம். வாரண்டி இருந்தால் ஸ்க்ரூவையே தொடாதீர்கள், பில்லைத் தேடி எடுங்கள். வாரண்டி முடிந்திருந்தால், என்ன பழுது, எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கிய பிறகு வேலைக்குச் சொல்லுங்கள். மாற்றின பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள்.

அன்று பட்டையை மாட்டி ஆன் செய்ததும் ஹெட் ஒருமுறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, வலது பக்கம் போய் உட்கார்ந்தது. முதல் பிரின்டை அந்தப் பெண்ணையே எடுக்கச் சொன்னோம். திறந்து வைத்த நோட்டில் ஊக்குநர் வேறு தீர்மானம் எழுதினார்: "பழைய பேப்பரில் பின் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துப் போட வேண்டும். மெஷின் நின்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிரதிநிதிக்குச் சொல்ல வேண்டும். யாரும் இழுக்கக் கூடாது." எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.