பழைய வண்டியும் தேறிவரும் உடலும்

எலும்பு முறிவுக்கும் மூட்டு அறுவைக்கும் பின்னர் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு எம்மிடம் வருவோர், “வலி எப்போது தீரும்?” என்பதற்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “வண்டியை எப்போது எடுக்கலாம்?” வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் இக்கேள்வி பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வண்டியைப் பற்றியதாகவே இருக்கிறது. தந்தை விட்டுச்சென்ற புல்லட்டாகவோ, முதற்சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய ஆர்.எக்ஸ். 100 ஆகவோ அது இருக்கும். உடன்வந்த குடும்பத்தாரோ, அவ்வண்டியை விற்றுவிடலாமா என்று எம்மைத் தனியே அழைத்துக் கேட்கிறார்கள். இரு தரப்பாருக்கும் பயன்படும் என்னும் நம்பிக்கையில் இதனை எழுதுகிறோம்.

ஒரு மோட்டார் சைக்கிள் எப்போது ‘கிளாசிக்’ ஆகிறது? சட்டம் வயதைக் கொண்டு விடை சொல்கிறது. 2021ஆம் ஆண்டில் மைய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்து, பெருமாற்றம் ஏதுமின்றி மூல வடிவில் பேணப்படும் வண்டியே ‘விண்டேஜ்’ எனப் பதியப்படும். அதன் எண் பலகையில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். அத்தகைய வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே சாலைக்குக் கொண்டுவரலாம். இக்கணக்கில், 1985இல் வெளிவந்த ஆர்.எக்ஸ். 100 விண்டேஜ் ஆவதற்கு 2035 வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அதனைக் கிளாசிக் என்று அழைக்க அதன் அன்பர்கள் எவரும் அதுவரை பொறுத்திருக்கவில்லை. ஆகவே, மக்கள் கையாளும் அளவுகோல் வேறு.

அந்த அளவுகோலை அறிய நம் ஊர் பொருத்தமான இடம். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் நாம் வாழ்கிறோம். புகழ்பெற்ற பல வண்டிகள் இச்சாலையின் இரு முனைகளை ஒட்டிய ஊர்களிலேயே பிறந்தவை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் 1955இல் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைத் திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவாயிற்று. தாய்நாட்டில் உற்பத்தி நின்றுபோன பின்னும் இங்கே அது நிற்கவில்லை. 1977 முதல் சென்னை புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. மேற்கே மைசூரில் 1961 முதல் ஜாவாவும், பின்னர் அதன் வழிவந்த யெஸ்டியும் உற்பத்தியாகி, 1996இல் ஆலை மூடப்பட்டது. ஓசூரிலிருந்து 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது.

இவற்றை விரும்புவோரின் சுவைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. புல்லட் அன்பர்களுக்கு நிதானமான துடிப்போசையும், ஏறத்தாழ 160 கிலோவுக்கு மேற்பட்ட கனம் சாலையில் தரும் நிலைப்பும் பெரிது. ஆர்.எக்ஸ். 100 அன்பர்களுக்கோ ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள வண்டி சட்டென்று பாயும் விரைவே இன்பம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் எது சிறந்தது என்று இவ்விரு சாராரையும் கேட்டால், மாலைப் பொழுது முழுவதும் போய்விடும். ஜாவா அன்பர்கள் இரட்டைப் புகைக்குழாயின் ஒலியையும், ஒரே நெம்புகோல் கிக்கராகவும் கியராகவும் பயன்படும் நுட்பத்தையும் எடுத்துரைப்பர். ஒரு திருகாணிகூட மாறலாகாது என்போர் ஒருபுறமிருக்க, வாழ்நாள் முழுவதும் மூட்டை ஏற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த டி.வி.எஸ். 50ஐவிடப் பெரிய கிளாசிக் ஏது என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு மறுமொழி கூறுவது எளிதன்று.

எனினும் இவ்வண்டிகள் அனைத்துக்கும் பொதுவான பண்பு ஒன்றுள்ளது. இவற்றின் உறுப்புகள் கண்ணுக்குப் புலப்படுபவை; தெருமுனை மெக்கானிக் பிரித்து மீண்டும் பூட்டக்கூடியவை. பழுது நேர்ந்தால் எறிய வேண்டுவதில்லை, செப்பனிடலாம். தோல் தொழிலை அறிந்த நம் பகுதியினருக்கு இது புதிய செய்தியன்று. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், எண்ணெயிட்டுப் புழங்கப் புழங்க மெருகேறும். பெட்டியில் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து வெடிக்கும். வண்டியும் அப்படியே. பழமை தானாக வந்துவிடும். ஒருவர் தொடர்ந்து பேணிவரும்போதே பழைய வண்டி கிளாசிக் ஆகிறது என்பது எம் கருத்து.

வண்டியைப் பேணுவதில் இத்தனை அக்கறை காட்டுவோர், அதே அக்கறையைத் தம் உடலுக்கும் அளிக்க வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். பழைய வண்டிகள் ஓட்டுநரின் உடலிடம் நிறைய எதிர்பார்ப்பவை. பழைய புல்லட்டை இயக்க, ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷர் நெம்புகோலை அழுத்திப் பிஸ்டனை உரிய இடத்துக்குக் கொணர்ந்து, பிறகே உதைக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். நலமான முழங்காலுக்கே அது வலி. கம்பி பொருத்திய காலுக்கோ, மாற்றுமூட்டுக்கோ பெருந்தீங்கு.

பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் உரியவை. இன்றைய வண்டிகளில் இது தலைகீழ். ஆகவே, எந்தக் கால் பலவீனமாக உள்ளது என்பதோடு, உங்கள் வண்டியில் அந்தக் கால் செய்யும் வேலை என்ன என்பதையும் மருத்துவரிடம் கூறுங்கள். ஜாவா, யெஸ்டி வைத்திருப்போர் கிக்கர் இடப்புறம் உள்ளதையும் தெரிவிக்க வேண்டும். திறந்த இதய அறுவை செய்துகொண்டோருக்கு நெஞ்செலும்பு கூடுவதற்குப் பொதுவாக இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை ஓட்டுவது மட்டுமன்றி, கனமான வண்டியைத் தள்ளுவதும் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவதும் கூடாது. உறக்கம் தரும் வலிமாத்திரை உட்கொள்ளும் நாள்களில் எவ்வண்டியையும் தொடாதீர்கள். வலிப்பு வந்தவர்கள் அதனை மறைக்கலாகாது. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்நல உறுதிமொழிப் படிவத்திலேயே அதைப் பற்றிய கேள்வி உள்ளது.

பழமை அழகு சேர்க்காத பொருள் ஒன்றுண்டு, அது தலைக்கவசம். ஒருமுறை விபத்தில் அடிபட்ட கவசம், வெளியே கீறல் தெரியாவிடினும், உள்ளே நொறுங்கியிருக்கக்கூடும். அதனை மாற்றிவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்கி, தாடைப்பட்டையை இறுக்கி அணியுங்கள். பின்னால் அமர்பவருக்கும் அது கட்டாயம். காலணி செய்து உலகெங்கும் அனுப்பும் ஊரிலிருந்து, ரப்பர் செருப்போடு கிக்கரை உதைத்துக் கணுக்கால் காயத்தோடு வருவோரைக் காணும்போது எமக்கு வருத்தமாக இருக்கிறது. கணுக்காலை மூடும் காலணி அணியுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல். விபத்தின் அச்சம் நெஞ்சில் நிற்கையில் வண்டியைக் கண்ணெதிரே வைத்திருக்க மனம் ஒப்பாது என்பதை உணர்கிறோம். ஆயினும், அவர் படுக்கையில் இருக்கும்போது அவரைக் கேளாமல் விற்றுவிடாதீர்கள். மீண்டும் அந்த வண்டியில் ஏற வேண்டும் என்னும் விருப்பமே பலரை வலியோடும் பயிற்சிக்கு வரவைக்கிறது. சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முடிவை அவரோடு சேர்ந்து எடுங்கள். அவர் நாற்காலியில் அமர்ந்து வண்டியைத் துடைப்பதும் கைக்கு நல்ல பயிற்சியே. உதைக்க இயலாத காலுக்குப் பொத்தானை அழுத்தி இயக்கும் வண்டி உண்டு; கியர் மாற்ற இயலாதவருக்கு ஸ்கூட்டர் உண்டு; கூடுதல் சக்கரம் பொருத்தி உரிய பதிவோடும் உரிமத்தோடும் ஓட்டவும் வழியுண்டு. இனி எதையும் ஓட்ட இயலாத நிலையிலும், பழைய வண்டியை மகளோ மகனோ ஓட்ட, அவர் அருகிருந்து அதன் பழக்கங்களைக் கற்றுக்கொடுக்கலாம்.

அடுத்த முறை வரும்போது உங்கள் வண்டியின் பெயர், எடை, கிக்கரும் பிரேக்கும் உள்ள பக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். அவசரமாக நிறுத்த வேண்டிய வேளையில் பிரேக்கை முழு விசையோடு வலியின்றி அழுத்த முடிகிறதா, வண்டி சாயும்போது அக்கால் தாங்குகிறதா என்பதைச் சோதித்துப் பார்ப்போம். அதன்பின், “எப்போது எடுக்கலாம்?” என்னும் உங்கள் கேள்விக்கு உங்கள் உடலையும் உங்கள் வண்டியையும் அறிந்து விடையளிக்க எம்மால் இயலும்.