எந்திர வைத்தியம் – 12: சைடில் தண்ணீர் வருகிறது, ஆனாலும் சுடுகிறது

சென்ற வாரம் கார்புரேட்டரோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் சூடு. பல வருடம் உப்புத் தண்ணீரில் உழைத்த இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் கொதித்து நின்றால், கரையில் எழும் முதல் கேள்வி, "சைடுல தண்ணி வருதா?" வருகிறது என்றால் தண்ணீர்ப் பக்கம் குறையில்லை என்று பிளக்கை நோண்டப் போகிறார்கள், வரவில்லை என்றால் இம்பெல்லர் போச்சு என்று புதிதாக ஒன்று வாங்குகிறார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. பம்ப் மேலே ஏற்றும் தண்ணீரில் ஒரு சிறு கிளைதான் சைடில் உள்ள அந்தச் சிறு துளை வழியாக வருகிறது. ஆகவே அது பம்புக்குச் சாட்சி, சிலிண்டருக்குச் சாட்சி அல்ல. சிலிண்டரைச் சுற்றியுள்ள வழி முக்கால்வாசி அடைந்திருந்தாலும் துளையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கலாம். மாறாக, துளையின் வாயில் மணலோ குளவி கட்டிய மண்ணோ அடைத்துக்கொண்டால், நல்ல பம்ப் உள்ள மோட்டாரும் சொட்டுத் தண்ணீர் காட்டாது. தங்கூஸ் நரம்பை உள்ளே விட்டு ஒருமுறை குத்திப் பார்க்காமல் கியர் பெட்டியைக் கழற்றுவது வீண் வேலை.

துளையைவிட நம்பகமான சாட்சி, எந்த வேகத்தில் சூடேறுகிறது என்பது. கியர் பெட்டிக்கு மேலே, டிரைவ் ஷாஃப்டில் கோத்த ரப்பர் இம்பெல்லர், மையம் விலகிய ஒரு கிண்ணத்துக்குள் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றும்போது ரப்பர் இதழ்கள் கிண்ணச் சுவரை உரசித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். வேகம் கூடினால் தண்ணீரின் எதிர்ப்பில் இதழ்கள் சுவரைவிட்டு உள்பக்கம் மடங்கும். அதன்பின் தண்ணீரை வெளியே எறிவது சுழற்சியின் விசைதான். தேய்ந்த, விறைத்துப்போன இம்பெல்லர் முதலில் தோற்பது மெதுவோட்டத்தில். ஐடிலிங்கில் சூடேறி, ஓட்டம் பிடித்ததும் தணிந்தால் பம்பைச் சந்தேகிப்பது நியாயம், கூடவே திறக்காமல் சிக்கிய தெர்மோஸ்டாட்டையும். ஐடிலிங்கில் சாதுவாக இருந்து முழு வேகத்தில் கொதித்தால் தேவைக்கு ஏற்ற தண்ணீர் உள்ளே போகவில்லை என்று பொருள்: தண்ணீர் இழுக்கும் வாயில் பாலித்தீன் பை ஒட்டியிருக்கலாம், வழி குறுகியிருக்கலாம். எரிபொருள் குறைந்து காற்று கூடிய கலவையும் இதே வேலையைச் செய்யும். இன்னொன்று: இம்பெல்லரை எடுத்ததும் இதழ்களை எண்ண வேண்டும். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தரை இருந்தால், மீதி அரை இதழ் மேலே எங்கோ ஒரு வளைவில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் மோட்டார் மறுபடியும் கொதிக்கும். பழி கடைக்காரன் தலையில் விழும்.

பழைய மோட்டாரில் என் சந்தேகம் அதிகம் போவது தண்ணீர் வழிகளின் மேல்தான். கார் எஞ்சினின் தெர்மோஸ்டாட் 80 டிகிரி செல்சியசுக்கு மேல் திறக்கும். கடல் தண்ணீரை நேராக உள்ளே விடும் அவுட்போர்டில் அது பொதுவாக 50 முதல் 60 டிகிரிக்குள்ளேயே திறந்துவிடும். காரணம், கடல் தண்ணீர் சூடாக ஆக அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் கரைசலிலிருந்து பிரிந்து உலோகத்தில் படியும். வருடக்கணக்கில் அந்தப் படிவு ஹெட்டுக்குள்ளும் எக்ஸாஸ்ட் மூடிக்குப் பின்னாலும் ஏறி, தண்ணீர் வழியை நெருக்குவதோடு சூடு வெளியேறாமல் போர்வையும் போர்த்திவிடுகிறது. இதைத் திறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பெரிதாக விலகி நின்றால் குற்றவாளி பொதுவான பம்ப் அல்ல, அந்த சிலிண்டரின் வழியோ கேஸ்கட்டோ. அந்தக் கருவி வருவதற்கு முன்பே ஜான்சன், எவின்ரூட் சர்வீஸ் புத்தகங்கள் உருகும் மெழுகுக் குச்சியால் ஹெட்டில் கோடு இழுக்கச் சொல்லின: 52 டிகிரிக் குச்சி உருக வேண்டும், 73 டிகிரிக் குச்சி உருகக் கூடாது. கையை வைத்து "ரொம்பச் சுடுது" என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

"தெர்மோஸ்டாட்டையே பிடுங்கி எறிந்தால் தொல்லை விட்டது" என்பார்கள். நடுக்கடலில் சிக்கிய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுக் கரை சேர்வது புத்திசாலித்தனம். அப்படியே வருடம் முழுக்க ஓட்டுவது வேறு. கன்னியாகுமரிக் கரையில் ஓடுவது போன்ற மண்ணெண்ணெய் மோட்டார்களை முதலில் பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் சூடு பிடிக்காமலே ஓடும். எரியாத எண்ணெய் பிளக்கில் கரியாகும், சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும். அடைப்போ அடைப்பாகவே இருக்கும்.

"இம்பெல்லர் விலை குறைவு, ஹெட்டைத் திறந்தால் துருப்பிடித்த போல்ட் முறியும், முதலில் மலிவானதை மாற்றினால் என்ன?" என்று கேட்பதில் நியாயம் உண்டு. கரையில் சும்மா கிடந்தாலும் ரப்பர் விறைக்கும், ஆகவே அதைக் காலம் தவறாமல் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது பராமரிப்பு. அதையே நோயறிதல் என்று எடுத்துக்கொண்டால், மாற்றிய பிறகும் சூடு இறங்காத மோட்டாரை ஓட்டி பிஸ்டனைப் பிடிக்க விடுவோம், அதோடு பார்த்தால் போல்ட் செலவு ஒன்றுமில்லை. போல்ட்டுக்குப் பயந்து வழிக்குள் ஆசிட் ஊற்றுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள்; ஆசிட்டுக்குச் சுண்ணாம்பும் அலுமினியமும் ஒன்றுதான்.

நல்ல தண்ணீரில் அலசினால் அடைப்பைத் தள்ளிப்போடலாம். குழாய் இல்லாத கரையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம் போதும்: புரொப்பல்லரைக் கழற்றி, பம்ப் முழுக மூழ்கும் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் ஐடிலிங்கில் ஓட்ட வேண்டும். இங்கேயும் அந்தத் துளை ஏமாற்றும். கிளப்பிய சில நொடிகளில் சைடில் நல்ல தண்ணீர் பீய்ச்சும். கழுவியாயிற்று என்று இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். அதற்குள் தெர்மோஸ்டாட் திறந்திருக்காது, அதற்கு அப்பால் உள்ள வழியில் நல்ல தண்ணீர் ஓடியிருக்காது. ஹெட் சூடேறி, தெர்மோஸ்டாட் திறந்த பிறகும் இன்னும் சில நிமிடம் ஓடட்டும்.