எப்போது நிறுத்துவது என்று யார் சொன்னார்?

கணவர் போன துக்கத்தில் இரவெல்லாம் கண் மூடாமல் கிடக்கும் அம்மாவுக்கு மருத்துவர் அல்பிரசோலம் எழுதித் தருகிறார். இரவு ஒன்று, பத்து நாளுக்கு. அம்மா தூங்குகிறார்; வீடே நிம்மதியாகிறது. பத்து நாள் முடிந்ததும் மகன் அதே சீட்டோடு மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார். சீட்டு மடிப்பில் கிழிந்துபோன பிறகு, காலி அட்டையைக் காட்டினாலே மாத்திரை கிடைக்கிறது. இப்படியே வருடங்கள் ஓடிவிடுகின்றன.

போதைக்காக மாத்திரை தேடும் இளைஞர்கள் செய்தியாகிறார்கள். இந்த அம்மா யார் கண்ணிலும் படுவதில்லை. தான் ஒரு மருந்துக்கு அடிமைப்பட்டிருப்பது அவருக்கே தெரியாது.

அல்பிரசோலம், டயஸிபாம், குளோனசிபாம் எல்லாம் பென்சோடயசிபைன் குடும்பம். நரம்பணுக்களின் பரபரப்பை அடக்க மூளையில் காபா என்ற வேதிப்பொருள் இயல்பாகவே சுரக்கிறது. அது வந்து சேரும் ஏற்பியில் இந்த மாத்திரை வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, காபாவின் வேலையை வலுவாக்குகிறது. சில வாரங்கள் தொடர்ந்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஏற்பிகள் முன்போல மசிவதில்லை. பழைய அளவுக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று விட்டால், அடங்கிக் கிடந்த பரபரப்பு மொத்தமாகக் கிளம்பும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, முன்னைவிட மோசமான தூக்கமின்மை. சிலருக்கு வலிப்பே வந்துவிடும். “மாத்திரை இல்லாமல் அம்மாவால் முடியாது” என்று வீட்டார் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். வயதானவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மயக்கம் தெளியாமல் நள்ளிரவில் பாத்ரூமுக்கு எழுந்து, தடுமாறி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் புதிதாகத் தெரிய வந்ததல்ல. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் இவற்றைத் தரவேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-லேயே சொல்லிவிட்டது. நியூகாஸிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியர், இந்த மாத்திரைகளிலிருந்து மீள்வதற்கென்றே 1982 முதல் 1994 வரை ஒரு சிகிச்சை மையம் நடத்தினார். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக, தேவைப்பட்டால் மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டே வந்தால் விட்டுவிட முடியும் என்று காட்டியவர் அவர்.

நம் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. திரும்பவும் தரலாம் என்று மருத்துவர் குறிப்பிட்டிருந்தால் தவிர, இத்தகைய மருந்தை ஒரு சீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் விற்கக்கூடாது. கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்கவேண்டிய மருந்துகளுக்கென்று 2014-இல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் அல்பிரசோலமும் இருக்கிறது. வாங்குபவர், எழுதிய மருத்துவர், கொடுத்த அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையைத் திருப்பினால் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் இருக்கும், ஆனால் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அதை அந்த அம்மா எப்படிப் படிப்பார்?

கடைக்காரரை மட்டும் குறைசொல்லி இதைத் தீர்க்க முடியாது. தவறு தொடங்கியது முதல் நாளில், மருத்துவர் அறையில். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் உள்ளன. முதலாவது, தகவல் பெறும் உரிமை: நோய் என்ன, சிகிச்சை என்ன, என்ன பாதிப்பு வரலாம் என்பதை நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும். “பத்து நாளுக்கு மேல் போடாதீர்கள், போட்டால் விடுவது சிரமம்” என்ற ஒரே ஒரு வாக்கியம் அந்த உரிமைக்குள் அடங்கும். கூட்டம் நிறைந்த ஓ.பி.யிலும் அதைச் சொல்ல நேரமிருக்கிறது. சீட்டில் நிறுத்தவேண்டிய தேதியையும் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. மருத்துவர் சொல்லாவிட்டால் கேட்கலாம்: இது பழக்கமாகுமா? எத்தனை நாள்? எப்படி நிறுத்துவது? கேட்பது மரியாதைக் குறைவல்ல. சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள் சொல்கின்றன. வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்க அவை உதவும்.

ஏற்கெனவே வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல மருத்துவத் துறை இருக்கிறது; அளவைப் படிப்படியாகக் குறைக்கும் வழியை அங்கே சொல்வார்கள். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.